இன்டேக் மேனிஃபோல்டுக்கு எந்தப் பூச்சு?

கர்நாடகத்தில் 15 ஆண்டைக் கடந்த காரையும் தகுதிச் சோதனை முடித்து, பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். அதனால்தான் பெங்களூர்ச் சாலைகளில் பழைய ஜிப்ஸியும் எஸ்டீமும் முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியும் இன்னும் கண்ணில் படுகின்றன. வெளியே பாலிஷ் போட்டு மின்னும் இந்தக் கார்களின் பானெட்டைத் திறந்தால் முதலில் உறுத்துவது இன்டேக் மேனிஃபோல்ட்தான். என்ஜினின் மேலே, பார்வைக்கு நேராக, காற்றை உள்ளே கொண்டுசெல்லும் பெரிய அலுமினிய வார்ப்பு. ஆயில் கசிந்து, தூசி ஒட்டி, இடுக்குகளில் விபூதி பூசியதுபோல வெள்ளையாக அரித்திருக்கும். ஹெட் பேக்கிங் மாற்றவோ இன்ஜெக்டர் துடைக்கவோ ஒரு நாள் அதைக் கழற்றியாக வேண்டும். கையில் வந்ததை அப்படியே திரும்ப மாட்ட மனம் வராது. அப்போதுதான் எந்தப் பூச்சு என்ற கேள்வி எழுகிறது.

வழிகள் பல. ஸ்ப்ரே கேனில் வரும் என்ஜின் எனாமல், சுருக்கப் பூச்சு, டிங்கரிங் கடையில் அடிக்கும் ஹார்டனர் கலந்த பெயிண்ட், பீன்யா தொழிற்பேட்டையில் கொடுத்து வாங்கும் பவுடர் கோட்டிங், எதுவும் பூசாமல் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் குருணை அடித்துச் சுத்தம் செய்வது) மட்டும் செய்து விடுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி உண்டு. கட்சிக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். என் கணக்கு வேறு. எந்தப் பூச்சு எவ்வளவு சூடு தாங்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பூச்சு இறுகுவதற்கு எவ்வளவு சூடு வேண்டும், அதை உங்களால் கொடுக்க முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்பு ஒரு சோதனை. மேனிஃபோல்டை விரல் நகத்தால் சுண்டி, உலோகமா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். கடந்த பல ஆண்டுகளாக வரும் பெரும்பாலான கார்களில் இது கண்ணாடி இழை கலந்த நைலான். அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்டிவிடுங்கள். அதை ‘அவன்’ என்னும் சூட்டடுப்பில் வைப்பதும், பவுடர் கோட்டிங் கடைக்குத் தூக்கிச் செல்வதும் புது மேனிஃபோல்ட் வாங்குவதற்கான குறுக்கு வழி.

இனி சூட்டுக் கணக்கு. இன்டேக் என்பது என்ஜினின் குளிர்ந்த பக்கம். வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஜிப்ஸி, எஸ்டீம் கார்களின் 1.3 லிட்டர் என்ஜினில் மேனிஃபோல்டுக்குள்ளேயே கூலன்ட் ஓடும். அந்த கூலன்ட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம் நின்றுவிட்டு என்ஜினை அணைத்தால் பானெட்டுக்குள் தேங்கும் சூட்டில் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பல நூறு டிகிரியில் வாழும் பிறவி. விதிவிலக்கு, பழைய 1.5 லிட்டர் பெட்ரோல் அம்பாசடர் போன்ற என்ஜின்கள். அவற்றில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். அங்கே மட்டும் சூடு தாங்கும் அளவைப் பற்றிக் கவலைப்படலாம்.

இது தெரியாமல் பலர் ஹார்டுவேர் கடையில் ‘600 டிகிரி தாங்கும்’ என்று எழுதிய சில்வர் பெயிண்டை வாங்கி வருகிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்பது பொதுவான நம்பிக்கை. அந்த வகைப் பெயிண்டுகள் பெரும்பாலும் சிலிக்கோன் பிசினில் ஆனவை. 200 டிகிரிக்கு மேல் ஒருமுறை நன்றாகச் சுட்டால்தான் அவை முழுதாக இறுகும். சைலன்சரில் அடித்தால் வண்டி ஓடும்போதே அந்தச் சூடு கிடைத்துவிடும். இன்டேக்கில் அந்தச் சூடு எந்தக் காலத்திலும் வராது. பூச்சு காய்ந்ததுபோலத் தெரியும், தொட்டால் ஒட்டாது. ஆனால் ஒரு துணியில் பெட்ரோலை நனைத்துத் துடைத்தால் சில்வர் அத்தனையும் துணிக்கு வந்துவிடும். கார்பரேட்டர் வண்டியில் மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் சொட்டாத நாள் உண்டா? ஆகவே இந்த வகையை முதலிலேயே தள்ளிவிடலாம்.

என்ஜின் எனாமல் கேன்கள் இதற்கு நேர் எதிர். விஎச்டி நிறுவனத்தின் எனாமல் தாங்குவது 288 டிகிரி வரைதான். 600-க்கு முன்னால் இந்த எண் சோனியாகத் தெரியும். ஆனால் இறுகுவதற்கு அது கேட்பது 93 டிகிரியில் சுமார் 20 நிமிடம். மேனிஃபோல்ட் தன் அன்றாட வேலையில் தொடும் சூடு கிட்டத்தட்ட அதுதான். அவன் இல்லாவிட்டாலும் என்ஜினே மிச்ச வேலையை முடித்துவிடும். வீட்டில் செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டாளி கிடைக்காது.

ஆனால் எந்தப் பூச்சானாலும் பாதிக்கு மேற்பட்ட வேலை பூசுவதற்கு முன்பே இருக்கிறது. வார்ப்பு அலுமினியம் நுண்துளைகள் உள்ளது. பல ஆண்டு ஆயிலை உள்ளே இழுத்து வைத்திருக்கும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்தால் மேல் அழுக்கு போகும். ஆனால் அந்த மண்ணெண்ணெயே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். அதனால் பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, கடைசியாக அசிட்டோனோ நல்ல தின்னரோ நனைத்த வெள்ளைத் துணியால் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும். காஸ்டிக் சோடா பக்கமே போக வேண்டாம். இரும்பில் அது பழைய பெயிண்டையும் கிரீஸையும் எடுக்கும். அலுமினியத்தில் அலுமினியத்தையே எடுக்கும். நுரைத்து வெளிவருவது ஹைட்ரஜன் வாயு. அடுப்படி பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

வெள்ளை அரிப்பு ஆழமாக இருந்தால் கையால் தேய்த்து மாளாது. பிளாஸ்டிங்குக்குக் கொடுப்பதே வழி. பீன்யாவின் குறுக்குச் சந்துகளில் பிளாஸ்டிங்கும் பவுடர் கோட்டிங்கும் ஒரே கூரையின்கீழ் செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு. அவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று, என்ன பொருளால் அடிக்கிறீர்கள்? கேட் கம்பிக்கு அடிக்கும் இரும்புக் குருணையால் அடித்தால் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, பிறகு பூச்சுக்கு அடியில் துருப்பொட்டாக எழும். கண்ணாடி மணி என்றால் நல்லது. இரண்டு, துளைகளை அடைப்பது யார்? ‘நான்தான்’ என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

மர்ஃபி டவுனில் எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவர் பிளாஸ்டிங் முடிந்து வந்த மேனிஃபோல்டை வாங்கினால் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. முதலில் செய்தித்தாளை விரித்து, மேனிஃபோல்டைக் கவிழ்த்து, பிடி மரமாக உள்ள சுத்தியலால் ஒவ்வொரு குழாயையும் மெல்லத் தட்டுவார். பிறகு டார்ச்சை ஒரு முனையில் வைத்து மறுமுனையில் கண்ணை வைப்பார். கடைசியாக இஜிஆர் வழியிலும் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் பாதை) வேக்குவம் குழாய் ஓட்டைகளிலும் காற்றடிப்பார். தாளில் பளபளவென்று பொடி விழும். “தம்பி, இந்தப் பொடி வெளியே வராவிட்டால் எங்கே போகும் தெரியுமா?” என்பார். “பிஸ்டனுக்கு, அண்ணே” என்று சொன்னாலும் விடமாட்டார். “பிஸ்டனோடு நிற்காது. ரிங், சிலிண்டர் சுவர், ஆயில், பேரிங். நீ அழகு பார்த்ததற்கு என்ஜின் கூலி கொடுக்கும்.” பிறகு வெந்நீரில் கழுவி, இன்னொரு முறை காற்றடிக்கச் சொல்வார். இந்தச் சடங்குக்குப் பொறுமை இல்லாதவர்கள் பிளாஸ்டிங் பக்கம் போகாமல் கையாலேயே தேய்ப்பது நல்லது. பார்வைக்குச் சற்றுக் குறைந்தாலும் என்ஜின் பிழைக்கும்.

சுத்தமான அலுமினியம் காற்றுப் பட்ட மாத்திரத்தில் மீண்டும் ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளத் தொடங்கும். பிளாஸ்டிங் ஆன அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். வெறும் கையால் தொட்டால் கைரேகையே பிறகு பூச்சு உரியும் இடமாகும். பிரைமரும் அலுமினியத்துக்கானதாக இருக்க வேண்டும்: அமிலம் கலந்த எட்ச் பிரைமர், அல்லது எபாக்சி. இரும்பு ஜன்னலுக்கு அடிக்கும் சிவப்பு ஆக்சைடு இங்கே பிடிக்காது.

இதெல்லாம் முடிந்த பிறகு எனாமல் கேன் அடிப்பது உண்மையில் சுலபமான பகுதி. 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதல் பூச்சை அடியிலுள்ள பிரைமர் தெரியும் அளவுக்கு லேசாகத் தூவி, சுமார் 10 நிமிட இடைவெளியில் மேலும் இரண்டு பூச்சு. பல எனாமல் கேன்களின் முதுகில் ஒரு எச்சரிக்கை இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அடுத்த பூச்சை ஒரு மணி நேரத்துக்குள் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் 7 நாள் பொறுங்கள் என்பதுதான் அது. இடையில் அடித்தால் அரைகுறையாக இறுகிய அடிப்பூச்சுக்குள் புதுப் பூச்சின் தின்னர் இறங்கி, மேற்பரப்பு முழுவதும் சுருண்டு எழும். சனிக்கிழமை அடித்துவிட்டு, ஞாயிறு காலையில் ‘இன்னும் ஒரு கை’ என்று கிளம்புபவர்களுக்கு இதுதான் நடக்கிறது.

எனாமலின் குறை, கல் பட்டால் தெறிக்கும், ஸ்பேனர் பட்டால் கோடு விழும். நிறை, அதே கேனில் அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம். பழைய காரைத் தானே கழற்றி மாட்டும் ஆளுக்கு இந்த நிறை அந்தக் குறையைவிடப் பெரியது.

சுருக்கப் பூச்சு வேண்டுமென்றே சுருங்கும்படி செய்யப்பட்டது. பழைய பந்தயக் கார்களிலும் ஹோண்டாவின் சிவப்பு வால்வு மூடிகளிலும் பார்த்திருப்பீர்கள். தடிமனாக அடிக்கும்போது மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் இருப்பது பின்னால் காய்வதால் சுருக்கம் விழுகிறது. அதனால் லேசாக அடித்தால் சுருங்காது. தடிமனாக அடித்தால் சரிவில் வழியும். வால்வு மூடி தட்டையானது, அங்கே இது அழகாக வரும். நான்கு குழாய்களாக வளைந்து இறங்கும் மேனிஃபோல்டில் மேலே நெருக்கமாகவும் பக்கவாட்டில் கோணலாகவும் விழுந்து, இரண்டு வேறு பொருள்களை ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஹீட் கன்னால் சமமாகச் சூடு காட்டினால் ஓரளவு சீராகும். வார்ப்பின் சொரசொரப்பையும் பழைய அரிப்புக் குழிகளையும் மறைப்பதில் இதற்கு இணையில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் தினமும் போய்வரும் காரென்றால் அந்தச் சுருக்கங்களுக்குள் சிமென்ட் தூசி ஏறி உட்கார்ந்துவிடும். பல் துலக்கும் பிரஷ் கொண்டு சுத்தம் செய்ய வேண்டிவரும். பிளினம் (மேனிஃபோல்டின் காற்றுப் பெட்டி) தட்டையாக உள்ள என்ஜினாக இருந்தால், காரும் வார இறுதிக் காராக இருந்தால், தாராளமாகச் செய்யலாம்.

ஹார்டனர் கலந்த பெயிண்ட், அதாவது காரின் உடம்புக்கு அடிப்பது, பெட்ரோலுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும், மினுமினுப்பும் அதிகம். இதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழலை நிரந்தரமாகப் பாதித்து ஆஸ்துமா வரவைக்கக்கூடியது. வீட்டு பால்கனியில் துணி முகமூடி கட்டிக்கொண்டு அடிக்கும் பொருள் இது இல்லை. பழகிய டிங்கரிங் கடையில், வேறொரு காருக்கு பெயிண்ட் பூத்தில் அடிக்கும்போது ‘இதற்கும் ஒரு கை அடித்துவிடுங்கள்’ என்று கொடுத்தால் செலவும் குறைவு, வேலையும் சுத்தம். நிறம் மட்டும் அன்று வந்த காரின் நிறம்!

பவுடர் கோட்டிங்தான் பலருக்குக் கனவு. மின்னேற்றம் பெற்ற பொடி உலோகத்தில் ஒட்டி, 180 முதல் 200 டிகிரி அவனில் உருகி, ஒரே தோலாகிறது. 60 முதல் 80 மைக்ரான் தடிமன். கேன் பூச்சு எதுவும் அந்த உறுதிக்கு அருகில் வராது. ஸ்பேனர் விழுந்தாலும் சிரிக்கும். ஆனால் மேனிஃபோல்டுக்கு என்று வரும்போது பவுடர் கோட்டிங்குக்கே உரிய மூன்று சிக்கல்கள் இருக்கின்றன, கடைக்காரர் கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்.

நுண்துளைகளில் இருக்கும் ஆயில் 200 டிகிரியில் ஆவியாகி, உருகிய பொடியைத் துளைத்துக்கொண்டு வரும். மேற்பரப்பில் ஊசி குத்தியதுபோல் துளைகள். பொடி அடிப்பதற்கு முன்பே வெறும் வார்ப்பை அவனில் ஒருமுறை சுட்டு, வந்த ஆயிலைத் துடைத்துவிட்டு, பிறகு அடிக்க வேண்டும். கேட்டும் கிரில்லும் அடித்துப் பழகிய பட்டறை இதைத் தானாகச் செய்யாது. அடுத்தது, குழாய்களுக்கு இடையிலுள்ள ஆழமான இடுக்குகளில் பொடி ஏறவே ஏறாது. மின்புலம் விளிம்புகளுக்கே பொடியை இழுக்கும். பள்ளம் பட்டினியாகக் கிடக்கும். அனுபவசாலி மின்னழுத்தத்தைக் குறைத்து, துப்பாக்கியை வளைத்து உள்ளே செலுத்துவார். அனுபவம் இல்லாதவர் வெளியே அளவுக்கு மீறி அடித்துவிட்டு உள்ளே விட்டுவிடுவார். மூன்றாவதுதான் பெரிது. பேக்கிங் உட்காரும் முகம், த்ராட்டில் பாடி முகம், இன்ஜெக்டர் துளை, ஓ-ரிங் காடி, சென்சார் துளை, கூலன்ட் வழி, போல்ட் தலை அமரும் மேடு ஆகிய எல்லாவற்றையும் சூடு தாங்கும் பச்சை டேப்பாலும் சிலிக்கோன் அடைப்பான்களாலும் மூட வேண்டும். சாதாரண மாஸ்கிங் டேப் அந்த அவனில் கருகிப்போகும். ஒரு முகத்தில் சிறு தடிப்பு ஏறினால்கூட வேக்குவம் கசியும், ஐட்லிங் ஆடும். போல்ட் தலைக்கு அடியில் பூச்சு இருந்தால் அது நாளடைவில் நசுங்கி, முறுக்கிய இறுக்கம் தளரும். ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முன்பே கழற்றியிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் சீலன்ட் வைத்து அடித்திருக்கும் சிறு பித்தளைக் குழாய்கள் அந்தச் சூட்டில் தளரலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

ஆகவே அடைப்பதை வீட்டிலேயே நீங்கள் செய்து, புகைப்படம் எடுத்து, ‘இதைத் தொடக் கூடாது’ என்று சொல்லிக் கொடுக்க முடியுமானால் மட்டும் பவுடர். ஒற்றைப் பொருளுக்காகப் பட்டறை தனியாக அவன் மூட்டாது. அன்று ஓடும் கறுப்போ வெள்ளையோதான் கிடைக்கும், விரும்பிய நிறம் என்றால் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு இடத்தில் உரிந்தால் திருத்தவும் முடியாது, முழுவதையும் எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும்.

எதுவும் பூசாமல் விடுவதையும் ஒரு முடிவாகவே எண்ணுகிறேன். தண்ணீரோடு சேர்த்துக் கண்ணாடி மணியால் அடிக்கும் ஈர பிளாஸ்டிங்கில் மேற்பரப்பு மூடி, பட்டுபோன்ற மங்கல் பளபளப்பு வரும். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய தோற்றம் அதுதான். சென்னையில் கடற்கரை ஓரம் நிற்கும் காருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். உப்புக்காற்று வெற்று அலுமினியத்தைச் சும்மா விடாது. பெங்களூரில் அந்தத் தொல்லை இல்லை. ஆயில் கசிவைச் சரிசெய்துவிட்டு, அவ்வப்போது துடைத்தால் பல காலம் நன்றாக இருக்கும். கசிவு எங்கே தொடங்குகிறது என்பதும் உடனே தெரியும். கசியும் என்ஜினில் மட்டும் இது வேண்டாம், ஒரே மாதத்தில் கறை உள்ளே இறங்கிவிடும்.

இனி இடமும் காலமும். கேனிலிருந்து பெயிண்டைத் தள்ளும் வாயு பெரும்பாலும் எரியக்கூடியது. சமையலறையை ஒட்டிய பால்கனியில், கேஸ் அடுப்பு எரியும்போது அடிப்பது விபரீதம். அடுக்ககத்தில் இன்னொரு விபரீதம், மேல்வீட்டு அக்காவின் கொடியில் காயும் வெள்ளைச் சேலை. பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, உள்ளே கம்பியில் மேனிஃபோல்டைத் தொங்கவிட்டு அடித்தால் சேலையும் நட்பும் தப்பும். பெட்டியின் அடியில் தண்ணீர் தெளித்துவைத்தால் தூசி எழாது.

காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழும், உலோகத்தின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் சூடு) குறைந்தது 3 டிகிரி மேலும் இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் பொது விதி. ஜூனிலிருந்து அக்டோபர் வரை பெங்களூரின் காலையும் மாலையும் இந்த விதிக்கு ஒத்துவராது. அந்த மாதங்களில் அடித்தால் பூச்சில் வெள்ளை மேகம் படரும். ஜனவரி முதல் மார்ச் வரை, காலை 11 மணிக்கு மேல், பூச்சு வேலைக்கென்றே செய்த வானிலை. மழைக்காலத்தில் கழற்ற நேர்ந்தால் பவுடர் பக்கம் தராசு சாயும், ஏனென்றால் அங்கே காய்வது வானத்தின் தயவில் இல்லை.

அவன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனாமலைச் சுட்ட ஓடிஜி (வீட்டுச் சமையல் அவன்) மீண்டும் கேக்குக்குத் திரும்பக் கூடாது. ஷிவாஜிநகர் குஜரியில் (பழைய சாமான் சந்தை) பழைய அவன் கிடைத்தால் அதை இதற்கென்றே ஒதுக்குங்கள். இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது, ஒரு வாரம் காயவிட்டு மாட்டி, என்ஜினை வழக்கமான சூட்டுக்கு வரவிட்டால் போதும்.

என்னைக் கேட்டால் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது கலப்பு வழி. அழுக்கு வேலையை வெளியே கொடுங்கள், பூச்சை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பீன்யாவில் கண்ணாடி மணி பிளாஸ்டிங், அன்றே எட்ச் பிரைமர், அதே பகலில் அலுமினிய நிற எனாமல். அலுமினிய நிறம் ஏன் என்றால், பிறகு ஸ்பேனர் கீறினாலும் அடியில் தெரிவது அதே நிறம். முழு என்ஜினையும் இறக்கிப் பிரித்து, ஒருமுறை செய்தால் திரும்பத் தொடப்போவதில்லை என்பவருக்குப் பவுடர். கையில் நேரம் குறைவு, கசிவு இல்லாத என்ஜின் என்றால் வெற்று அலுமினியம்.

மாட்டும்போது பழைய பேக்கிங்கைத் திரும்பப் போட வேண்டாம், ஜே.சி. ரோட்டில் புதியது கிடைக்கும். பல என்ஜின்களில் எர்த் கம்பி மேனிஃபோல்டில்தான் இணைகிறது. அந்தப் புள்ளியில் பூச்சு இருந்தால் உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் சென்சார்கள் விநோதமாகப் பேசத் தொடங்கும். போல்ட்களை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கையேட்டில் சொன்ன இறுக்கத்தில், இரண்டு சுற்றாக முறுக்குங்கள். ஸ்டார்ட் செய்து ஐட்லிங் சீராக நிற்கிறதா என்று கேளுங்கள். பேக்கிங் ஓரமாகச் சோப்புத் தண்ணீரைத் தெளிக்கும்போது சத்தம் மாறினால் காற்று அங்கேதான் உள்ளே போகிறது. முதல் நாள் ஓட்டத்தில் பானெட்டுக்குள்ளிருந்து லேசான பெயிண்ட் வாசனை வரும். எனாமல் இறுகிக்கொண்டிருக்கிறது, பயப்பட வேண்டாம். பெட்ரோல் வாசனை வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.